பட்டியலில் இருக்கிறார்கள், திட்டத்தில் இல்லை: செங்கல்பட்டுக் கடலோர முதியோரும் பேரிடர் ஆயத்தமும்

2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையேறத் தொடங்கியது. நள்ளிரவு தாண்டிய பிறகே அது முழுதாகக் கடந்து முடிந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த அந்தக் காற்றை, 2016 டிசம்பர் 12இல் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தாவோடு ஒப்பிட முடியாது. ஆனால் அது வந்த நேரம் கவனிக்கத்தக்கது. மின்சாரம் நின்றுபோன, மழை விடாத ஓர் இரவில் கண் மங்கியவரும், கோல் ஊன்றி நடப்பவரும், படுக்கையோடு கிடப்பவரும் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தால் என்ன ஆகும்?

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் ஆய்வுக் கூட்டம் நடக்கிறது. நிவாரண முகாம்கள், படகுகள், மணல் மூட்டைகள், ஜேசிபிகள், மரம் அறுக்கும் இயந்திரங்கள் எல்லாம் எண்ணப்படுகின்றன. சுனாமிக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தமிழகம் இந்தக் கணக்கில் நன்றாகவே தேறியிருக்கிறது. கணக்கில் இன்னும் சேராதவை மூன்று கேள்விகள். எந்தக் குப்பத்தில், எந்த வீட்டில், தானாக எழுந்து நடக்க முடியாதவர் யார்? அவரைத் தூக்கிச் செல்லப் போவது யார்? கொண்டுபோய் எங்கே வைப்பார்கள்? இவற்றுக்கான விடைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே அரசு அலுவலகங்களில் பட்டியல்களாக இருக்கிறது. புயல் வரும் இரவில் அந்தப் பட்டியல்கள் ஒன்றாகக் கூடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

யார் சாகிறார்கள்?

பேரிடர் எல்லோரையும் சமமாகத் தாக்குவதாகச் சொல்வது வழக்கம். சாவுக் கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், முகாம்களில் தங்கியிருந்த குடும்பங்களிடம் விரிவான ஆய்வொன்று நடந்தது. அக்குடும்பங்களில் இருபது முதல் இருபத்தொன்பது வயதுக்குள் இருந்தவர்களில் இறந்தோர் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஐம்பதைத் தாண்டியவர்களில் அது 15 விழுக்காடு. சிறு குழந்தைகளின் சாவு இன்னும் அதிகம். ஆண்களைப்போல இரு மடங்குக்கு மேல் பெண்கள் இறந்திருந்தனர். நம் கரையிலும் அலை வந்தபோது ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் தப்பினர். கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்களும், வீட்டிலிருந்த பிள்ளைகளும் முதியவர்களும் சிக்கிக்கொண்டனர். தமிழகத்தில் இறந்தோர் சுமார் 8,000 பேர். அன்று செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். 2005இல் கத்ரீனா சூறாவளியில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இறந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். 2011இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையில் இறந்தோரில் சுமார் 65 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். உலகிலேயே சிறந்த எச்சரிக்கைக் கருவிகளும் ஒத்திகைப் பழக்கமும் கொண்ட நாடு ஜப்பான். எச்சரிக்கை காதில் விழுந்தும், ஓடக் கால் இல்லாதவர்கள் அங்கே மாண்டார்கள்.

ஆகவே முதுமை என்பது வெறும் வயதுக் கணக்கு இல்லை. காது மந்தமானவருக்கு ஒலிபெருக்கி ஆட்டோவின் அறிவிப்பு எட்டாது. செல்பேசியில் அலறும் அவசர எச்சரிக்கை, பட்டன் போன் வைத்திருப்பவருக்கு விளங்காத சத்தமாகப் போகலாம். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை எடுப்பவர் நான்கு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தால், வெள்ளம் வடிந்த பிறகு பக்கவாதத்தில் விழலாம். அந்தச் சாவு புயல் கணக்கில் சேராது.

ஒரு மாவட்டம், மூன்று வகை முதுமை

2019 நவம்பர் 29இல் தனி மாவட்டமான செங்கல்பட்டு, ஒரே திட்டத்துக்குள் அடங்காத நிலம். கோவளம், நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், கொக்கிலமேடு, புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் என்று தொடர்ந்து, பாலாற்று முகத்துவாரம் தாண்டி, செய்யூர் வட்டத்தின் கடலூர், கடப்பாக்கம், ஆலம்பரைக்குப்பம் வரை மீனவர் ஊர்கள் நீள்கின்றன. பல குப்பங்கள் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட நிலத்தில் இருக்கின்றன. இங்குள்ள முதியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். ஆனால் எச்சரிக்கை வரும் வேளையில் வீட்டின் ஆண்கள் படகையும் இன்ஜினையும் வலையையும் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்கள், பெண்கள் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். “நீங்க போங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்” என்று கிழவி திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவாள். காயவைத்த கருவாட்டையும் ஆட்டையும் கோழியையும் விட்டுவர அவளுக்கு மனம் வராது. இதைப் பிடிவாதம் என்று எழுதி வைத்துவிட்டால் திட்டம் தேறாது. ஆட்டுக்கு என்ன ஏற்பாடு என்று சொல்ல முடிந்தால் அவளும் கிளம்புவாள்.

இரண்டாவது, ஏரிப் பாசனத்து உள்நாட்டு ஊர்கள். மதுராந்தகம் ஏரி நிரம்பி உபரிநீர் கிளியாற்றில் திறக்கப்படும்போது கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது. வேலை தேடி இளையோர் சென்னைப் பக்கம் போய்விட்ட வீடுகளில் தாத்தாவும் ஆயாவும் மட்டும் இருக்கிறார்கள். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வாழும் இருளர் குடும்பங்களின் முதியவர்கள் பலருக்குப் பிறந்த ஆண்டைக் காட்டும் சான்றே கிடையாது. சான்றை வைத்துத் தொகுக்கும் எந்தப் பட்டியலிலும் முதலில் விடுபடுகிறவர்கள் இவர்களே.

மூன்றாவது, தாம்பரத்தைச் சுற்றிய புறநகரும் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களும். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர் உள்ளிட்ட பகுதிகளில் வீடுகளின் தரைத்தளம் நீரில் மூழ்கியது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் இங்கே அதிகம். அவர்களுக்குக் காசுக்குக் குறைவில்லை. ஆனால் மின்சாரம் நின்றால் லிஃப்ட் நிற்கும், ஆக்சிஜன் செறிவூட்டி நிற்கும், செல்பேசிக் கோபுரமும் சிறிது நேரத்தில் ஓயும். ஐந்தாம் மாடியில் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வீடே தீவு. குப்பத்துக் கிழவிக்கு இருக்கும் அக்கம்பக்கம் கூட இவர்களுக்கு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்று அரசின் மதிப்பீடுகள் சொல்கின்றன. முதியோரைத் ‘தனிக் கவனம் தேவைப்படும் சிறு பிரிவு’ என்று ஓரத்தில் எழுதி வைக்கும் காலம் முடிகிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் சுனாமியின் பிள்ளை. அதன் 61ஆவது பிரிவு நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த வரிசையில் வயது இடம்பெறவில்லை. நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரங்களைப் பேசும் 12ஆவது பிரிவு கைம்பெண்களையும் ஆதரவற்ற குழந்தைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. முதியோரைக் குறிப்பிடவில்லை.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் சட்டம் ஒரு படி முன்னே போயிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தகவல் சொல்ல வழி செய்ய வேண்டும். இது பல ஆண்டுப் போராட்டத்தின் பலன். ஆனால் மூட்டுத் தேய்ந்து நடக்க முடியாத எண்பது வயதுக்காரர் தன்னை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதில்லை. அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதும் இல்லை. ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு சொல்லில் எல்லாக் குறையும் அடங்கிவிடுகிறது. அதனால் அந்தப் பதிவேட்டிலும் அவர் வருவதில்லை.

2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், ஒவ்வொரு காவல் நிலையமும் தன் எல்லையில் வாழும் மூத்த குடிமக்களின் பட்டியலை, குறிப்பாகத் தனித்து வாழ்வோரின் பட்டியலை வைத்திருக்கவும், மாதம் ஒருமுறை அவர்களைப் போய்ப் பார்க்கவும் சொல்கின்றன. திருட்டிலிருந்தும் தாக்குதலிலிருந்தும் காப்பதற்காக எழுதப்பட்ட விதி இது. அதே பட்டியல் வெள்ளத்துக்கும் உதவும் என்பது அந்த விதியில் இல்லை.

சிதறிக் கிடக்கும் பட்டியல்கள்

காவல் நிலையம் மட்டுமில்லை. முதியோர் உதவித்தொகை பெறுவோரின் பெயர்கள் ஒவ்வொரு வட்டத்திலும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையோடு இருப்பவருக்கு வலித்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே தரப்படுகிறது. எந்தத் தெருவில் யார் எழ முடியாமல் கிடக்கிறார் என்பது அந்தத் தன்னார்வலருக்கு மனப்பாடம். 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயதைக் கடந்தோரின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுசென்றது. அதற்கென்று ஒவ்வொரு கடைக்கும் பட்டியல் தயாரானது.

தேர்தல் ஆணையம் இன்னும் ஒரு படி மேல். 2024 மக்களவைத் தேர்தலில் எண்பத்தைந்து வயதைக் கடந்தோர் வீட்டிலிருந்தே வாக்களிக்க வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் 12டி படிவத்தோடு வீடு வீடாகப் போனார்கள். நடக்க முடியாத வாக்காளரின் வாசலைக் கண்டுபிடிக்க அரசு இயந்திரத்துக்குத் தெரியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஒரு வாக்குக்காகச் செய்ததை ஓர் உயிருக்காகவும் செய்யலாம்.

ஐந்து துறைகளில் ஐந்து பட்டியல்கள் இருக்க, புயல் இரவில் கிராம நிர்வாக அலுவலரின் கையில் இருப்பது முகாமில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டுமே. பட்டியலை ஒன்றாக்குவதில் ஓர் ஆபத்தும் உண்டு. தனியே வாழும் முதியவர்களின் முகவரித் தொகுப்பு தவறான கையில் சிக்கினால் அது திருடனுக்கு வரைபடம். ஜப்பான் இதற்கு வழி கண்டது. 2013இல் திருத்தப்பட்ட சட்டம், வெளியேற உதவி தேவைப்படுவோரின் பதிவேட்டை ஒவ்வொரு உள்ளாட்சியும் வைத்திருக்கக் கட்டளையிட்டது. சம்மதம் கொடுத்தவர்களின் விவரம் அக்கம்பக்கக் குழுக்களிடம் முன்கூட்டியே தரப்படும். மற்றவர்களின் விவரம் ஆபத்து நேரும்போது மட்டும் திறக்கப்படும். 2021இல் இன்னொரு திருத்தம் வந்தது: பதிவேட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், யார் அழைத்துப் போவது, எங்கே போவது என்ற தனிநபர் திட்டம் எழுத உள்ளாட்சிகள் முயல வேண்டும் என்றது அது.

கல்பாக்கத்துக்கு ஃபுகுஷிமா சொல்வது

இந்தியாவில் அணுமின் நிலையங்களைச் சுற்றி 16 கிலோமீட்டர் ஆரம் வரை அவசரகாலத் திட்ட மண்டலம் வகுக்கும் வழக்கம் உண்டு. இம்மாவட்டத்துக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி அந்த வட்டத்தைப் போட்டால் மாமல்லபுரமும் திருக்கழுக்குன்றமும் உள்ளே வருகின்றன. நிலைய எல்லைக்கு வெளியே மக்களை வெளியேற்றும் பொறுப்பு மாவட்ட நிர்வாகத்துடையது. அவ்வப்போது ஒத்திகையும் நடக்கிறது. 2004 சுனாமி கல்பாக்கம் நகரியத்துக்குள்ளும் புகுந்து உயிர்களைப் பறித்தது. இயங்கிக்கொண்டிருந்த அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது.

2011இல் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் கதிர்வீச்சு உடனடியாகக் கொன்றவர்கள் என்று சொல்ல எவரும் இல்லை. ஆனால் நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருந்த ஃபுதாபா மருத்துவமனையிலிருந்தும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் அவசரமாகப் பேருந்துகளில் ஏற்றப்பட்ட நோயாளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் வழியிலும் சேர்ந்த இடங்களிலுமாக இறந்தனர். உடன் செல்ல மருத்துவர் இல்லை, உட்காரவே முடியாதவர்களுக்குப் படுக்கை இல்லை, மணிக்கணக்கான பயணத்தில் நீரும் உணவும் இல்லை. ஃபுகுஷிமா மாநிலத்தில் வெளியேற்றத்தின் அலைச்சலாலும் அதன் பின்விளைவுகளாலும் நேர்ந்ததாக அரசு ஏற்ற சாவுகள் 2,300ஐத் தாண்டின. அந்த மாநிலத்தில் அலை நேரடியாகக் கொன்றவர்களைவிட இது அதிகம். இறந்தோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள்.

அருகிலிருந்த மினமிசோமா நகரின் ஐந்து முதியோர் இல்லங்களைப் பற்றிய ஆய்வு இன்னும் கூர்மையானது. வெளியேற்றத்துக்குப் பிறகு அங்கிருந்தோரின் இறப்பு விகிதம் முன்பைப்போல ஏறத்தாழ 2.7 மடங்கானது. ஆனால் எல்லா இல்லங்களிலும் ஒரே அளவில் உயரவில்லை. போகும் இடத்தையும் கூடச் செல்லும் பணியாளரையும் உணவையும் நிதானமாக ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பியவர்களின் நிலை மேலாக இருந்தது. கதிர்வீச்சைவிடத் தயாரிப்பின்மை அங்கே அதிகம் கொன்றது. செங்கல்பட்டு மாவட்டத்து முதியோர் இல்லங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தீயணைப்புச் சான்றோடு நின்றுவிடாமல், வெளியேற்றத் திட்டத்தையும் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்தப் பாடம் போதும்.

ஜப்பான் சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. 2011இல் முதியவர்களை அழைத்துவரப் போன ஐம்பதுக்கும் மேற்பட்ட நல ஆணையர்கள், அதாவது ஊதியமில்லாத உள்ளூர்த் தொண்டர்கள், அலையில் மாண்டார்கள். உதவப் போகிறவர் எந்த நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் நமக்குச் சில நிமிடங்களில் தகவல் தரும். அந்தமான், சுமத்ரா பக்கத்து நிலநடுக்கமென்றால் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரம் அளவில் ஆகும். அந்த அவகாசத்தில் முதல் அரை மணி முதியோருக்கு என்று ஒதுக்கினால் தூக்குபவரும் பிழைப்பார், தூக்கப்படுபவரும் பிழைப்பார்.

முகாம் ஏன் கசக்கிறது?

வெளியேற மறுக்கும் முதியவர்கள் பலர் அஞ்சுவது முகாமைத்தான். நம் முகாம்களில் பெரும்பாலானவை அரசுப் பள்ளிகள். தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். முழங்கால் மடங்காதவருக்குத் தரையிலிருந்து எழுவதே ஒரு போராட்டம். இந்தியக் கழிப்பறை, அதுவும் மைதானத்தின் மறுகோடியில், இருட்டில், மழையில். இரவில் நான்கு முறை எழ வேண்டிய பாட்டி, யாரையும் எழுப்பக் கூச்சப்பட்டு மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பாள். காலையில் மயக்கம், அடுத்த நாள் சிறுநீர்த் தொற்று. பொட்டலத்தில் வரும் புளிச்சோறு பல் இல்லாதவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் பொருந்தாது. மறதி நோய் உள்ளவர் புது இடத்தில் மிரண்டு கூட்டத்திலிருந்து வெளியேறிவிடுவார்.

இவற்றைச் சரிசெய்யப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு முகாமிலும் தரைத்தளத்தில், கழிப்பறைக்கு அருகில் ஓர் அறை; அதில் சில கட்டில்கள், இரண்டு கழிப்பறை நாற்காலிகள், ஒரு சக்கர நாற்காலி, இரவு முழுக்க எரியும் விளக்கு, கஞ்சி. முட்டுக்காட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. எந்த உபகரணம், எந்தப் பயிற்சி என்று கேட்க மாவட்ட நிர்வாகம் வெளியூர் போக வேண்டியதில்லை.

சுமை மட்டுமா?

முதியோரைச் சுமக்க வேண்டியவர்களாக மட்டும் பார்ப்பதும் பாதித் திட்டம்தான். 2015இல் ஏற்கப்பட்ட பேரிடர் அபாயக் குறைப்புக்கான செண்டாய் கட்டமைப்பு, முதியோரின் அறிவையும் அனுபவத்தையும் பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. கடலோரத்தில் இது வெறும் மரியாதைப் பேச்சு இல்லை. எந்தக் காற்று எந்த மாதத்தில் திரும்பும், கடலின் நிறமும் நீரோட்டமும் மாறினால் என்ன பொருள், முன்னொரு புயலில் தண்ணீர் எந்த மேடு வரை ஏறியது, எந்த ஓடை தூர்ந்து வீடாகிப்போனது என்பதெல்லாம் குப்பத்துப் பெரியவர்கள் நினைவில் இருக்கின்றன. ஊர்க்கூட்டத்தில் அவர்கள் சொன்னால் இளைஞர்கள் கேட்பார்கள். மாவட்டத் திட்டத்தின் அபாய வரைபடம் தயாராகும்போது அவர்களோடு ஒரு நாள் ஊரை நடந்து பார்த்தால், செயற்கைக்கோள் படத்தில் தெரியாத பல பள்ளங்கள் தெரியவரும். அந்த நடையிலேயே, தனக்கு எந்த வழி ஏறக் கடினம் என்பதையும் பெரியவர் சொல்லிவிடுவார்.

அக்டோபருக்கு முன்

செய்ய வேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முதியோர் உதவித்தொகை, மக்களைத் தேடி மருத்துவம், ரேஷன், காவல் நிலையம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றை ஊராட்சி வாரியாக இணைத்து, ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரே பதிவேடாக்க வேண்டும். சான்றில்லாத இருளர் முதியோரின் பெயர்களை நேரில் போய்ச் சேர்க்க வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: தூக்கிச் செல்பவர், அவர் வரவில்லையென்றால் மாற்று ஆள், போய்ச் சேரும் இடம். முதல் ஆள் மகனாக இருக்கக் கூடாது, ஏனென்றால் மகன் படகோடு இருப்பான். மீனவர் பஞ்சாயத்தும் மகளிர் குழுவும் அடுக்ககச் சங்கமும் அந்தக் கட்டங்களை நிரப்பலாம். மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டு வார மாத்திரையைக் கூடுதலாகத் தந்து, மருந்துச் சீட்டின் நகலோடு ஒரு நெகிழிப் பையில் போட்டுவைக்கச் சொல்லலாம். ஒத்திகைகளில் இளம் தொண்டர்களையே நோயாளியாகப் படுக்கவைப்பதை விட்டு, விருப்பமுள்ள ஒரு முதியவரை உண்மையாகவே அழைத்துச் சென்று நேரத்தைக் குறிக்க வேண்டும். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. எனவே இதே பதிவேடு மே மாதத்திலும் பயன்படும்.

இவற்றுக்குப் புதுச் சட்டமோ புதுத் துறையோ தேவையில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஆட்சியர் அலுவலகத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. கோவளத்திலோ தாம்பரத்திலோ கடப்பாக்கத்திலோ வாழும் வாசகர், அடுத்த பருவமழைக்குள் தன் தெருவில் தனியே இருக்கும் முதியவர் யார், அவருக்கு எந்த மாத்திரை அவசியம், அவர் எப்படி நடப்பார் என்பதைத் தெரிந்துகொண்டு, இரவில் கதவைத் தட்டப் போகிறவர் தாமே என்று அவரிடம் சொல்லி வைக்கட்டும். மாவட்ட அவசர எண்ணான 1077ஐயும் அவர் வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டட்டும்.